மரைக்கு விதைப்பதா, மாட்டிற்கு விதைப்பதா?
மலையகப் புல்வெளிகளும் குளோவர்ப் பயிரும் பற்றிய ஒரு நோக்கு

மலையகத்தைப் பற்றிய நமது ஆய்வுரைகளில் தேயிலைக்கு இடமுண்டு. தேயிலை பறிக்கும் கரங்களுக்கும் இப்போது ஓரளவு இடம் கிடைத்துள்ளது. ஆனால் அம்மலைகளின் புல்லைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. தேயிலைக்கு முன்னும் அங்கே புல் இருந்தது. தேயிலையைப் பிடுங்கி மீள நடுவதற்கு இடைப்பட்ட காலத்திலும் அங்கே புல்லே வளர்க்கப்படுகிறது. சமவெளியின் மரையும், லயத்தின் பின்புறத்தே கட்டப்பட்டிருக்கும் பசுவும் அப்புல்லையே நம்பி வாழ்கின்றன. எனவே, எந்தப் புல் எவருக்காக வளர்க்கப்படுகிறது என்ற வினா வெறும் தாவரவியல் வினா அன்று. நிலம் எவருக்குரியது என்ற வினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காட்டின் இடைவெளிகளில் மான்களுக்கெனத் தீனிப்பயிர் விதைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அவ்வாறு விதைக்கப்படுவனவற்றுள் முதன்மையானது குளோவர். அம்முறை யாது, அது எவ்வாறு தொழிற்படுகிறது, நுவரெலியா, ஹற்றன் மலைகளில் அதற்கு இடமுண்டா, இடமுண்டெனில் அது யாருக்குப் பயன்படவேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குளோவரும் மேல்விதைப்பும்

குளோவர் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு பூண்டு. ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள் கொண்டது. அதன் வகைகளுள் வெண் குளோவர், செங் குளோவர் ஆகிய இரண்டும் மேய்ச்சல் நிலங்களில் மிகுதியாகப் பயன்படுகின்றன. வெண் குளோவர் நிலத்தோடு ஒட்டிப் படரும் ஓடுதண்டுகளை உடையது, கணுக்கள்தோறும் வேர்விடும். எனவே விலங்கு மேய்ந்தாலும் குளம்பு மிதித்தாலும் அது எளிதில் அழிவதில்லை. நுவரெலியாவின் புற்றரைகளிலும் பாதையோரங்களிலும் சிறு வெண்பூப் பந்துகளோடு நிற்கும் இச்செடியைப் பலர் கண்டிருப்பர். பெயர் அறிந்தோர் சிலரே.

இச்செடியின் சிறப்பு அதன் வேரில் உள்ளது. வேரிலே தோன்றும் சிறு கணுக்களில் றைசோபியம் என்னும் பற்றீரியா குடியிருக்கின்றது. வளியில் ஐந்தில் நான்கு பங்காக உள்ள நைதரசனைத் தாவரங்கள் நேரடியாகப் பயன்படுத்த இயலாது. இப்பற்றீரியா அந்நைதரசனைத் தாவரம் ஏற்கும் வடிவிற்கு மாற்றிக் கொடுக்கின்றது. செடி அதற்கு மாற்றாகச் சர்க்கரையை வழங்குகின்றது. நன்கு செழித்த குளோவர்ப் புற்றரையொன்று ஆண்டொன்றிற்கு ஹெக்டயருக்கு 100 முதல் 200 கிலோகிராம் வரை நைதரசனைச் சேர்க்கும் எனக் குளிர்நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அருகில் நிற்கும் புல்லும் அதனாற் பயனடைகின்றது. குளோவரின் உலர்பொருளில் ஏறத்தாழ 20 முதல் 25 வீதம் வரை புரதம் இருப்பதால் அது பாற்பசுவுக்கும் கருவுற்ற மானுக்கும் சிறந்த தீனியாகின்றது.

நிலத்தை உழாமல், ஏற்கெனவே வளர்ந்துள்ள புல்லின்மீதே விதையைத் தூவி நிலைபெறச் செய்வதே மேல்விதைப்பு எனப்படும். வடஅமெரிக்காவில் குளிர்காலத்தின் இறுதியில் இதனைச் செய்கின்றனர். இரவில் மண்ணிலுள்ள நீர் உறைந்து விரிகின்றது. பகலில் உருகிச் சுருங்குகின்றது. இவ்வாறு மண் தானே வெடித்து மூடும்போது விதை உள்ளே இறங்கிவிடும். கலப்பைக்குரிய வேலையைப் பனியே செய்துவிடுகிறது எனலாம். வெண் குளோவர் விதை மிகச் சிறியது. ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ பதினைந்து இலட்சம் விதைகள் உள்ளன. ஹெக்டயருக்கு 3 கிலோகிராம் தூவினால் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 450 விதைகள் வீழ்கின்றன. அவற்றுள் ஒரு சிறு பகுதி நிலைபெற்றாலும் போதும். ஓடுதண்டுகள் மிகுதி இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

நமது மலைகளில் இம்முறையை அப்படியே பின்பற்ற முடியாது. நுவரெலியாவிலும் அம்பேவலையிலும் தை, மாசி மாத விடியற்காலைகளில் புல்நுனியில் உறைபனி படிவதுண்டு. தேயிலைக் கொழுந்தும் அதனாற் கருகுவதுண்டு. ஆயினும் அது மேற்பரப்பின் பனியே. மண்ணை வெடிக்கச் செய்யும் உறைவு இங்கில்லை. எனவே பனி செய்யும் வேலையை இங்கே அரிவாளும் குளம்பும் மழையும் செய்யவேண்டும். புல்லை ஒட்ட அறுத்து, மண்ணை முள்வாரியாற் கீறி, விதை தூவி, மாடுகளை ஒரு நாள் நடக்கவிட்டு மிதிக்கச் செய்தல் வேண்டும். சித்திரை மாதத்து இடைப்பருவ மழை தொடங்கும் வேளையே இதற்கு ஏற்றது. தென்மேற்குப் பருவமழை முழுவேகங் கொண்டபின் ஹற்றன் சரிவுகளில் விதைத்தால், விதை மண்ணோடு சேர்ந்து ஆற்றுக்குப் போய்விடும்.

2. மண்ணின் புளிப்பு

காலநிலையைக் காட்டிலும் பெரிய தடை மண்ணிலே உள்ளது. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. அதற்குகந்த பீஎச் அளவு 4.5 முதல் 5.5 வரையாகும். குளோவருக்கோ 6 முதல் 6.5 வரை வேண்டும். எண்ணிற் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு உண்மையிற் பெரிது. இவ்வளவீட்டில் ஒரு படி இறங்கினால் புளிப்புப் பத்து மடங்காகும். 6 என்ற அளவிலுள்ள மண்ணைக் காட்டிலும் 4.5 என்ற அளவிலுள்ள மண் ஏறத்தாழ முப்பது மடங்கு புளிப்புடையது. மண்ணின் பீஎச் 5.5 இற்குக் கீழே செல்லும்போது அலுமினியம் கரைந்து வெளிப்படுகின்றது. தேயிலை அலுமினியத்தைத் தன் முற்றிய இலைகளிற் சேர்த்துவைத்துக்கொண்டு வாழவல்லது. குளோவரின் இளவேர்களோ அதனாற் குறுகிப்போகின்றன. வேர்க்கணுப் பற்றீரியாவும் அம்மண்ணிற் பெருகுவதில்லை. பொசுபரசும் அலுமினியம், இரும்பு ஆகியவற்றோடு பிணைந்து செடிக்கு எட்டாததாகிவிடுகின்றது.

ஆகவே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தேயிலை நின்ற மண்ணில் வெறுமனே விதையைத் தூவுவது வீண்செலவாகும். சுண்ணாம்பு அல்லது தொலமைற்று இட்டுப் புளிப்பைத் தணித்தல், பொசுபேற்று இடுதல், உரிய பற்றீரியாவை விதையிற் பூசுதல் ஆகிய மூன்றும் முற்பட நிகழவேண்டும். தொலமைற்று மலையகத்துக்குப் புதியதன்று. கவ்வாத்துக் காலத்தில் தேயிலை நிலத்துக்கு அது இடப்படுவதைத் தொழிலாளர் அறிவர். தேயிலைக்கு அது புளிப்பை எல்லைக்குள் வைத்திருக்கும் அளவுக்கே இடப்படுகின்றது. குளோவருக்கு அந்த எல்லையையே கடக்கவேண்டும். மீண்டும் தேயிலை நடவேண்டிய நிலத்தில் இவ்வாறு செய்தல் பொருந்தாது.

தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் வேறொரு வழியைப் பரிந்துரைத்து வந்துள்ளது. முதிர்ந்த தேயிலையைப் பிடுங்கிய பின், ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை மானாப்புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ வளர்த்து, அதனை வெட்டி நிலத்திலேயே பரப்பி, மண்ணின் சேதனப் பொருளை மீட்ட பின்னரே புதிய கன்றுகளை நடவேண்டும் என்பதே அது. அப்புல் மண்ணுக்கே திரும்பவேண்டும் என்பது விதி. ஆயினும் குவாத்தமாலாப் புல் மாடு உண்ணும் புல். மாடு வைத்திருப்போன் கண்ணுக்கு அது தீனியாகவே தோன்றும். மண்ணின் பசியும் மாட்டின் பசியும் மோதும் இடம் இதுவே.

3. ஹோட்டன் சமவெளியின் மரைகள்

மரை என நாம் வழங்கும் விலங்கைத் தமிழகத்தார் கடமான் என்பர். சங்கப் பாடல்கள் மரையை நெல்லிக்கனி உண்ணும் விலங்காகப் பலவிடத்துக் காட்டுகின்றன. இயற்கையை நுணுகி நோக்கிய அப்புலவர்களின் கூற்று இன்றைய உயிரியலோடும் ஒத்துள்ளது. மரை புல்லை மட்டும் மேயும் விலங்கன்று. இலை, தளிர், கனி, மரப்பட்டை ஆகியவற்றையும் உண்பது.

இலங்கையில் மரைகளை மிகுதியாகக் காணத்தக்க இடம் ஹோட்டன் சமவெளி. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல், 3,160 ஹெக்டயர் பரப்பில் அமைந்துள்ள இச்சமவெளியிலிருந்தே மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீர் பிறக்கின்றது. 1873 இல் தாவரவியலாளர் ஹூக்கர் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைப் பேணுமாறு பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை கூறினார். கோப்பியும் பின்னர்த் தேயிலையும் மலைகளை விழுங்கிய காலத்தில் இச்சமவெளி தப்பியதற்கு அவ்வாலோசனை ஒரு காரணமாகும். 1969 இல் இயற்கை ஒதுக்ககமாகவும் 1988 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இது, 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது.

ஆயினும் இச்சமவெளி மனிதக் கைபடாத நிலமன்று. 1960 களில் இங்கு உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. பயிர்ச்செய்கை கைவிடப்பட்ட இடங்களில் கிக்கூயு போன்ற அயற்புற்கள் பரவின. கிழக்காபிரிக்க மேட்டுநிலத்துப் புல்லாகிய கிக்கூயு, உள்ளூர்க் கொத்துப்புற்களைவிட மென்மையானது. மரைகள் மாலை வேளையில் திரண்டு மேய்வதற்கு அதனை விரும்புகின்றன. எவரும் திட்டமிடாமலே மரைகளுக்கு ஒரு தீனிப்பயிர் அமைந்துவிட்டது எனலாம். இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட மரைகள் அங்கு வாழ்வதாக ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். சிறுத்தைக்கு அங்கே முதன்மையான இரையும் மரையே.

அவ்வாறாயின் குளோவரையும் விதைத்து மரைகளை மேலும் போஷிக்கலாகாதா என்ற வினா எழலாம். ஆகாது என்பதே நமது கருத்து. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, காடு. சமவெளியைச் சூழ்ந்த முகிற்காடுகளில் மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போகும் நிலை பல பத்தாண்டுகளாக அவதானிக்கப்பட்டு வருகின்றது. வறட்சி, மண்ணின் ஊட்டக் குறைபாடு, வளி மாசு, நோய்க் கிருமிகள் எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. அறிஞர் ஒரே முடிவுக்கு வந்திலர். ஆனால் மரைகள் பட்டையை உரிப்பதும், இளங்கன்றுகளைத் தின்பதும் காடு மீளத் தளிர்ப்பதைத் தடுக்கின்றன என்பது கண்கூடு. புல்வெளியிற் புரதம் மிகுந்தால் மரை பெருகும்; பெருகிய மரை புல்லோடு நின்றுவிடாது, காட்டின் கன்றுகளையும் நாடும்.

இரண்டாவது, அயற்செடியின் அச்சம். பிரித்தானியர் காலத்திற் கொண்டுவரப்பட்ட கோர்ஸ் என்னும் முட்புதர் இன்று சமவெளியில் அழிக்க முயன்றும் அழியாத களையாகியுள்ளது. அதுவும் குளோவரைப் போன்றே அவரைக் குடும்பத்தது. அதுவும் வேரில் நைதரசன் சேர்ப்பது. ஏழை மண்ணுக்குப் பழகிய உள்ளூர்ப் புல் வறுமையில் வாழக் கற்றது. மண் வளம் பெற்றவுடன் வெளியூர்ப் புல் அதனை வென்றுவிடுகின்றது. நீலகிரியின் சோலைப் புல்வெளிகளும் கோர்ஸ், புரூம், சீகை மரங்கள் ஆகியவற்றால் இதே துன்பத்தை அடைந்துள்ளன. ஒருவகை நிலத்துக்கு வரமாகும் நைதரசன் மற்றொருவகை நிலத்துக்குக் கேடாகலாம்.

மூன்றாவது, நீர். குளோவருக்கு இடவேண்டிய சுண்ணாம்பும் பொசுபேற்றும் மூன்று ஆறுகளின் தலைநீரிற் கலக்கும்.

இவற்றோடு, மனிதர் ஊட்டும் உணவு விலங்குக்கு நன்மையாகாது என்பதையும் அச்சமவெளி உணர்த்தியுள்ளது. சுற்றுலாப் பயணிகள் உணவூட்டியதால் அச்சம் நீங்கி வாகனத் தரிப்பிடத்தில் நின்ற மரைகள் பொலித்தீனையும் விழுங்கி இறந்தமை அறிந்ததே. அதன் பின்னரே பூங்காவினுள் பொலித்தீன் கொண்டு செல்வதற்குத் தடை வந்தது.

4. வேட்டையும் விருந்தும்

மானுக்கு விதைத்தல் என்னும் வழக்கத்தின் தோற்றத்தையும் நோக்குதல் வேண்டும். அமெரிக்காவிற் காட்டின் இடைவெளியிலே குளோவர் விதைப்போருட் பெரும்பாலோர் வேட்டைக்காரர். மானுக்கு விருந்து வைப்பது, வேட்டைப் பருவத்தில் அதனைத் துப்பாக்கிக்கு எட்டிய தூரத்தில் நிறுத்துவதற்காகவே. இதனால் மானின் உடல்நலமும் கொம்பும் வளர்வதுண்டு. ஆயினும் விருந்தோம்புவோன் யார் என்பதை மறத்தலாகாது.

நமது மலைகளில் வேட்டையாடியோர் துரைமார். 1840 களின் பிற்பகுதியில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டைநாய்களைக் கொண்டு மரைகளைத் துரத்தியும் கத்தியாற் குத்தியும் கொன்றார். ஹோட்டன் சமவெளியின் அருவியொன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அவர் வேட்டைக்காரர் மட்டுமல்லர். இங்கிலாந்துப் பண்ணையொன்றை அப்படியே நுவரெலியாவில் நாட்ட முயன்றவர். ஆட்களையும் மாடுகளையும் ஆடுகளையும் விதைகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். பசுமையாகத் தோன்றிய மண் உண்மையில் வளமற்றது என்பதை நட்டப்பட்டே அவர் அறிந்தார். விளைந்த ஓற்சுப் பயிரை மரைகளும் காட்டுப்பன்றிகளும் இரவில் வந்து தின்றுவிட்டன. நுவரெலியாவில் மரைக்கு விதைத்த முதல் வெள்ளையர், தாம் அறியாமலே, அவரே எனலாம்.

நியூசிலாந்தின் வரலாறு இன்னும் தெளிவான பாடத்தைத் தருகின்றது. விளையாட்டு வேட்டைக்கென அங்கு கொண்டுசெல்லப்பட்ட மான்களுள் 1870 களில் இலங்கையிலிருந்து சென்ற மரைகளும் இருந்தன. செம்மான்கள் பகைவிலங்கில்லாத அந்நாட்டுக் காடுகளிற் பெருகி மலைச்சரிவுகளை அழித்தமையால், 1930 முதல் அரசே கூலி கொடுத்து அவற்றைச் சுட்டுக் கொல்ல நேர்ந்தது. அதே நாட்டிலே, வெண் குளோவரும் பொசுபேற்று உரமும் சேர்ந்து பால் உற்பத்தியின் அடித்தளமாயின. ஒரு செடி பால் தந்தது. ஒரு வேட்டை விருப்பம் காட்டை அழித்தது. இரண்டையும் வேறு பிரித்தறிதல் வேண்டும்.

இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மரைக்குப் பாதுகாப்பு அளித்தது. துரைமார் வேட்டை ஒழிந்தது. ஆனால் தோட்டங்களில் மரக்கறிப் பாத்தியைக் காக்கவும் பன்றியைப் பிடிக்கவும் கம்பிக் கண்ணி வைப்பது ஒழியவில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அத்தகைய கண்ணியொன்றில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. அதனை வெறும் கொடுமையாகக் கண்டு தொழிலாளரைப் பழித்தல் எளிது. லயத்தை அடுத்த ஒரு துண்டு மரக்கறிப் பாத்தியையே நம்பியுள்ள குடும்பத்துக்கு ஓர் இரவிற் பன்றி செய்யும் அழிவு எத்தகையது என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு.

5. லயத்தின் பின்புறத்துப் பசு

குளோவருக்கு மலையகத்தில் உரிய இடம் சமவெளியன்று. தொழிலாளரின் மாட்டுத் தொழுவத்தை அடுத்த நிலமே என்பது நமது துணிபு.

ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைத் தோட்டங்களில் ஒன்றிரண்டு பசுக்களை வளர்க்கும் குடும்பங்கள் பல உள. காலையிற் கறந்த பால் சேகரிப்பு நிலையத்துக்குச் செல்கின்றது. சாணம் மரக்கறிப் பாத்திக்குச் செல்கின்றது. கொழுந்து நிறுத்துக் கொடுத்த பின்னர்ப் பெண்கள் அரிவாளும் கயிறும் கொண்டு பாதையோரங்களிலும் கான் ஓரங்களிலும் புல் தேடுகின்றனர். அட்டையும் குளவியும் சிறுத்தையும் அவ்வழியில் உள. ஒரு கட்டுப் புல்லைத் தலையிற் சுமந்து செங்குத்தான படிகளில் ஏறும் உழைப்புக்கு எக்கணக்கேட்டிலும் பெயர் பதியப்படுவதில்லை. அவ்வாறு கொண்டுவந்த புல்லும் பெரும்பாலும் முற்றிய, புரதங் குறைந்த புல்லே.

இங்கேதான் அவரையினப் பயிர் பயன் தரும். தேயிலை மீள நடப்படாது கைவிடப்பட்ட துண்டு நிலங்களில், அதிலும் சரிவு குறைந்த இடங்களில், கிக்கூயுப் புல்லோடு வெண் குளோவரை மேல்விதைக்கலாம். கிக்கூயு உயர்ந்து வளர்ந்தால் குளோவர் நிழலில் மடிந்துவிடும். ஆதலால் அதனை அடிக்கடி ஒட்ட அறுத்தல் வேண்டும். சுண்ணாம்பிடும் வசதியற்ற புளிப்பு நிலத்திற்குக் குளோவரைவிட டெஸ்மோடியம் என்னும் படரும் அவரையினமே பொருத்தமானது. தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் முள்முருக்கின் இலையும் மாட்டிற்கு நல்ல தீனி.

எச்சரிக்கையொன்றும் கூறவேண்டும். ஈரமான இளங்குளோவரை வெறும்வயிற்றில் மிகுதியாக உண்ட பசுவின் இரைப்பையில் நுரை தேங்கி வயிறு பொருமும்; விரைந்து கவனிக்காவிடில் உயிருக்கே ஆபத்தாகும். குளோவர் தீனியிற் பாதிக்கு மேற்படாது பார்த்தலும், முன்னதாக உலர்புல் கொடுத்தலும் இதற்குக் காப்பாகும். ஒரே பசுவை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அப்பசுவின் இழப்பு முழு இழப்பு என்பதால் இதனைப் பயிற்சியின்போதே உணர்த்துதல் இன்றியமையாதது.

ஆயினும் விதை, சுண்ணாம்பு, அறிவு ஆகிய மூன்றும் கிடைத்தாலும் நான்காவதொன்று எஞ்சி நிற்கின்றது, அது நிலம். சுண்ணாம்பிட்டு மண் மாறுவதற்கு மாதங்கள் வேண்டும். குளோவர் நிலைபெறுவதற்கு ஓர் ஆண்டு வேண்டும். அது சேர்க்கும் நைதரசனின் பயன் அடுத்தடுத்த ஆண்டுகளிலேயே தெரியும். நாளை தன்னிடமிருந்து மீட்கப்படக்கூடிய நிலத்தில் எவன் சுண்ணாம்பு இடுவான்? 1948 இற் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள் அதனை மீளப் பெறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. உடைமையும் முகாமையும் கை மாறிய இக்காலம் முழுவதும், லயத்தின் பின்புறத்து நிலம் பெரும்பாலும் தொழிலாளருக்கு உரித்தாகாமலே இருந்தது. புல் அறுப்பதும் மாடு கட்டுவதும் உரிமையாக அன்றி, நிர்வாகத்தின் இசைவாகவே நடந்து வந்தன.

6. முடிவுரை

குளோவர் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. சமவெளியில் அதனை விதைத்தல் காட்டுக்கும் நீருக்கும் ஊறு. அங்கே வேண்டுவது கோர்சை அகற்றலும், உள்ளூர்ப் புல்லும் மரக்கன்றும் மரைவாய்ப்படாமல் வளர்கின்றனவா என்பதைச் சிறு வேலியடைப்புகள் இட்டு ஆண்டுதோறும் அளந்து பார்த்தலுமே. மரைக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி அதன் நிலத்தைக் குலைக்காதிருத்தல்.

தோட்டத்திலோ நிலைமை வேறு. அங்கே மண் ஏற்கெனவே ஒன்றரை நூற்றாண்டாக மாற்றப்பட்ட மண். அதனைத் தேயிலைக்காக மாற்ற முடிந்ததெனில், அதன் ஒரு சிறு பகுதியைப் பாலுக்காகவும் மாற்ற முடியும். தொழுவத்தருகே தீனி விளைந்தால், புல் தேடிக் காட்டோரம் செல்லும் பெண்ணின் நடை குறையும். மனிதரும் சிறுத்தையும் எதிர்ப்படும் வேளையும் குறையும். காட்டைக் காத்தலும் தொழிலாளரின் வாழ்வைக் காத்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இதனால் உணரலாம்.

பேராதனையின் விவசாய, தாவரவியல் மாணவர் இத்துறையில் ஆய்வுக்குரிய களத்தை மிக அண்மையிலேயே கொண்டுள்ளனர். மண்ணின் பீஎச் அளவை எழுதும் குறிப்பேட்டில், அம்மண் யாருடைய பெயரில் உள்ளது என்பதற்கும் ஒரு நிரலை ஒதுக்குவராயின், அவ்வாய்வு தோட்டத்து மக்களுக்கும் பயன்படும்.